பழைய பிக்கப்புக்குப் புது டேஷ் பேட்: முதல் முறை மாற்றுகிறவர்களுக்கு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் லோடு இறக்க நிற்கும் பிக்கப்களைப் பாருங்கள். டயர் புதிதாக இருக்கும். தார்ப்பாய் போன தீபாவளிக்கு வாங்கியதாக இருக்கும். இன்ஜின் சத்தமும் சீராகத்தான் இருக்கும். ஆனால் முன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால், டேஷ்போர்டின் மேல்பக்கம் மட்டும் சித்திரை மாதக் கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓட்டுகிறவர் அதன் மேல் ஒரு துண்டை விரித்துவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

சோழவந்தான் பக்கம் வெற்றிலையும் வாழைத்தாரும் ஏற்றுகிற எங்கள் வண்டியும் அப்படித்தான் இருந்தது. டேஷ்போர்டின் அந்த மேல் பாகத்தை, அதாவது டேஷ் பேடை, நானே மாற்றினேன். பிறகு மச்சான் வண்டிக்கும் மாற்றிக் கொடுத்தேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமே இல்லாதவரும் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலைதான். அவசரம் மட்டும் ஆகாது. எனக்குச் சொல்லிக் கொடுத்த பட்டறைக்காரர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "வரலேன்னா இழுக்காதப்பா. அங்கிட்டு எங்கயோ இன்னொரு ஸ்க்ரூ இருக்கு, தேடு." இந்த வேலையில் உடைகிற அத்தனையும் அந்தப் பேச்சைக் கேட்காமல் உடைந்தவைதான். என் வண்டியின் பழைய பேடில் இடது ஓரத்தில் திருகு மாட்டும் காது அப்படித்தான் முறிந்தது.

தொடங்குமுன் பார்க்க வேண்டிய இரண்டு

உங்கள் வண்டியில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங் நடுவிலோ, கிளவ் பாக்ஸுக்கு மேலேயோ 'எஸ்ஆர்எஸ்' என்று எழுத்து இருந்தால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு கை வைக்காதீர்கள். அது பழக்கப்பட்ட மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. நான் சொல்வதெல்லாம் ஏர்பேக் வராத பழைய வண்டிகளுக்கு.

அடுத்து, பேட் தனித் துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் வென்ட்டுக்குக் கீழேயோ மேலேயோ டேஷ்போர்டின் நீளம் முழுக்க ஒரு இணைப்புக் கோடு ஓடினால், மேல் பாகம் தனியாகக் கழன்று வரும். அப்படிக் கோடே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே வார்ப்பாக இருந்தால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கைத் தாழ்த்த வேண்டும், வயரிங் செட் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். முதல் முறைக்கு அது வேண்டாம்.

ஏன் வெடிக்கிறது

பேடை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தகடு அல்லது கெட்டிப் பிளாஸ்டிக். நடுவில் ஃபோம். மேலே நாம் ரெக்சின் என்று சொல்லும் வினைல் தோல். வினைலை வளைகிற பதத்தில் வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருள். கத்திரி வெயிலில், அதாவது மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அந்த நாட்களில், கதவை அடைத்து நிறுத்திய வண்டிக்குள் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க மங்கலாக ஒரு படலம் படிகிறதே, அதில் ஒரு பங்கு இதுதான். எண்ணெய் போன தோல் சுருங்கும், விறைக்கும். சுருங்குகிற தோலை ஓரத்துத் திருகுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் முதல் வெடிப்பு எப்போதும் வென்ட் மூலையிலோ, ஸ்பீக்கர் ஓட்டையிலோ, திருகு ஓரத்திலோ தொடங்குகிறது. வெடிப்பு வழியே வெயில் பட்டதும் உள்ளே இருக்கும் ஃபோம் மஞ்சளித்துப் பொடியாக உதிரும்.

அந்த ஃபோம் அழகுக்காக வைத்தது இல்லை. முட்டினால் தலைக்கு அடி குறைய வேண்டும் என்பதற்காக வந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1956 மாடல் கார்களிலேயே பஞ்சு வைத்த டேஷ்போர்டை விருப்ப வசதியாகக் கொடுத்தது. 1968 ஜனவரி 1 முதல் அங்கே கார்களின் உட்புறம் மோதலைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஃபோம் பொடிந்துபோன பேடின் மேல் வெறும் ரெக்சினை இழுத்து ஒட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அழுத்திப் பார்த்தால் உள்ளே பள்ளம் விழும். ஃபோம் நன்றாக இருந்து தோல் மட்டும் போயிருந்தால் குஷன் கடையில் கொடுத்துத் தோல் மாற்றலாம். ஃபோம் போயிருந்தால் பேடையே மாற்றுங்கள்.

வாங்குவது

புதுப் பேட் கிடைத்தால் நல்லது. பழைய மாடலுக்குப் பல நேரம் கிடைக்காது. மதுரையில் ஸ்பேர்ஸ் கடைகளில் பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்டு வையுங்கள். எண் தெரியாவிட்டால் வண்டியின் ஆர்சி நகலும், டேஷ்போர்டை நேராகவும் இரண்டு ஓரங்களிலும் எடுத்த போட்டோவும் போதும். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே வருஷத்துக்கு வருஷம் மீட்டர் ஓட்டையின் அளவு மாறியிருக்கும். போட்டோ இல்லாமல் வாங்கி வந்து திரும்பக் கொண்டுபோய் நிற்காதீர்கள்.

புதியது இல்லையென்றால் காயலான் கடை. உள்ளூரில் அகப்படாவிட்டால் சென்னை புதுப்பேட்டை வரை ஆள் விட்டுத் தேடலாம். பழைய பேடை வாங்கும்போது மேல் தோலைப் பார்த்து மயங்காதீர்கள். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். திருகு மாட்டும் காதுகள் எல்லாம் முழுதாக இருக்க வேண்டும். போல்ட் முளைகள் அசையக் கூடாது. சமதளமான தரையில் வைத்தால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி படிய வேண்டும். வெயிலில் அடுக்கி வைத்திருந்த பேட் முறுக்கிக்கொண்டிருக்கும், அதை வண்டியில் உட்கார வைப்பது பெரும்பாடு.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பழைய பேடின் மேலேயே கவிழ்த்து ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் கவர். எதையும் கழற்ற வேண்டாம், ஒரு மணி நேர வேலை. அடியில் இருப்பது உறுதியாக இருந்தால் தாராளமாகப் போடலாம். பொடிந்துபோனதின் மேல் ஒட்டினால் பொடியோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

நிறத்துக்கு ஒரு வழி. பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரோ மீனாட்சி அம்மன் படமோ ஒட்டியிருக்கும். அதை மெதுவாக எடுத்துப் பாருங்கள். வெயிலே படாமல் அடியில் இருந்த அந்தச் சின்ன இடம்தான் வண்டி வாங்கிய அன்று இருந்த நிறம். கதவுப் பலகையும் கிளவ் பாக்ஸ் மூடியும் வெளுத்துப் போயிருக்கும் என்பதால் அவற்றை வைத்து நிறம் பார்த்தால் தப்பும். எது வாங்கினாலும் மேல்பக்கம் பளபளப்பு இல்லாமல், கொஞ்சம் அடர்ந்த நிறமாக இருக்கட்டும். சாயங்காலம் உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும்போது சூரியன் நேர் எதிரே இருக்கும். பளபளக்கிற பேட் அந்த நேரத்தில் கண்ணாடி முழுக்க நிழலாடும், எதிரே வருகிற சைக்கிள்காரர் தெரியமாட்டார்.

சாமான்கள்

ஸ்டார் டிரைவர் பெரிதும் சின்னதும், கட்டையான குட்டை டிரைவர் ஒன்று (கண்ணாடி ஓரத்தில் நீளமான டிரைவர் நிற்காது), 8, 10 அளவு பாக்ஸ் ஸ்பேனர், காந்தம் ஒட்டிய குச்சி, டார்ச். நெம்புவதற்கு இரும்பு வேண்டாம். மூங்கில் பத்தையைத் தட்டையாகச் சீவி, நுனியில் துணி சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் கீறல் விழாது, கண்ணாடியில் பட்டாலும் பயமில்லை. டிரைவரைக் கண்ணாடியில் முட்டுக் கொடுத்து நெம்பினால் கண்ணாடி விரிசல் விடும். அதன் விலைக்கு முன் பேட் விலை ஒன்றுமே இல்லை.

ஒரு பெரிய அட்டையும் வேண்டும். அதில் டேஷ்போர்டைக் குத்துமதிப்பாக வரைந்துகொண்டு, கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் படத்தில் அதே இடத்தில் குத்தி வையுங்கள். திருகுகள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், நீளம் வேறு. நீளமானதைத் தப்பான இடத்தில் முடுக்கினால் புதுப் பேடின் தோலைக் குத்திக்கொண்டு மேலே வரும்.

கழற்றுவது

காலை லோடு முடிந்து வந்ததும் வேப்பமரத்து நிழலில் நிறுத்தித் தொடங்குங்கள். முதல் முறை என்றால் நாலைந்து மணி நேரம் ஆகும். நட்டநடு வெயில் வேண்டாம். பேட் ரொம்பக் குளிர்ந்து விறைத்திருப்பதும் வேண்டாம், கை பொறுக்கிற இளஞ்சூடு இருந்தால் பழைய பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தொடும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவ் பக்கம் முதலில் கை வைத்தால் ஸ்பேனர் பாடியில் தட்டிப் பொறி பறக்கும். கழற்றிய வயரைத் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, பேடை ஒட்டியிருக்கிற சின்னச் சின்னப் பாகங்கள். மீட்டரைச் சுற்றியிருக்கும் சட்டம், ஏர் வென்ட்கள், ஸ்பீக்கர் ஜாலி (வலை மூடி), கிளவ் பாக்ஸ், இரண்டு ஓரத்திலும் தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக். பேடின் திருகுகள் பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

மீட்டர் கழற்றும்போது நின்று நிதானியுங்கள். பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் கேபிள் வரும். மீட்டரை நாலு விரல் அளவுதான் முன்னே இழுக்க முடியும். பின்னால் கை விட்டால் கேபிள் மூடியில் அழுத்துகிற நாக்கு ஒன்று இருக்கும், சில வண்டிகளில் கையால் திருகுகிற வளையம் இருக்கும். அதை விடுவித்த பிறகுதான் மீட்டர் வெளியே வர வேண்டும். கேபிளை மடக்கிவிட்டால் அப்புறம் ஸ்பீடோ முள் ஆடிக்கொண்டே இருக்கும். வயர்களை இணைக்கிற கப்ளர்களை வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்தி உடம்பைப் பிடித்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

இப்போது பேட். இது மூன்று விதத்தில் பிடித்திருக்கும், ஒரே வண்டியில் மூன்றும் இருக்கலாம். வென்ட் ஓட்டைக்குள்ளும் முன் விளிம்பிலும் மேலிருந்து முடுக்கிய திருகுகள். பேடின் அடியிலிருந்து இறங்குகிற போல்ட் முளைகளுக்குக் கீழிருந்து போட்ட நட்டுகள், இவற்றைக் கிளவ் பாக்ஸ் வழியாகவும் மீட்டர் இருந்த ஓட்டை வழியாகவும் கை விட்டுத்தான் தேட வேண்டும். கடைசியாக, கண்ணாடி ஓரத்தில் கிளிப்புகள் அல்லது திருகுகள்.

கண்ணாடி ஓரத்துத் திருகைத் தொடும் முன், கண்ணாடிக்குக் காற்று வருகிற நீளமான துளைகளில் துணியைத் திணித்துவிடுங்கள். அந்தத் துளைக்குள் திருகு விழுந்தால் காற்றுக் குழாய் வழியாக நேரே புளோயர் விசிறிக்குப் போகும், அதை எடுக்க இன்னொரு நாள் வேலை.

எல்லாம் கழன்றதென்று தோன்றினால், ஆளுக்கொரு ஓரமாக இரண்டு பேர் நின்று, ஓட்டுகிறவர் பக்கத்து விளிம்பை மட்டும் சற்றுத் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது எந்த இடத்தில் பேட் பள்ளமாக வளைகிறதோ, அங்கேதான் மிச்சத் திருகு இருக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாம் விட்டிருந்தால் முன் விளிம்பு தானாக எழும்பும். எழும்பியதும் உங்கள் பக்கம் இழுத்தால் கண்ணாடி ஓரத்துக் கிளிப் 'டக் டக்' என்று விடும். உடைந்த பேடாக இருந்தாலும் முழுதாக எடுக்கப் பாருங்கள், புதியதை அளந்து பார்க்க அதுதான் மாதிரி.

உள்ளே இருப்பது

பேட் போனதும் இருபது வருஷத் தூசி தெரியும். வயலோரத்தில் நிறுத்துகிற வண்டி என்றால் எலிக்கூடும் இருக்கும். எங்கள் வண்டியில் பூ கட்டுகிற நாரும் நெல் உமியும் காகிதமும் சேர்த்து ஒரு கூடு, ஸ்பீக்கருக்குக் கீழே. அதை அப்படியே துடைப்பத்தால் கூட்டாதீர்கள். எலியின் சிறுநீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் கரைத்த தண்ணீரைக் கூட்டின் மேல் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு அள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். வயர் மேல் தண்ணீர் ஓடவிட வேண்டாம். பிறகு வயர்களை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். கடித்துச் செம்பு தெரிகிற இடம் இருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்றைக்கே சரி செய்துவிடுங்கள். பேடை மூடிய பிறகு அந்த இடம் கைக்கு எட்டாது.

கண்ணாடிக்குக் கீழ் ஓரத்தில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். தண்ணீர் இறங்கிய தாரை தெரிந்தால் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கில் ஒழுகல் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் புதுப் பேடைப் போட்டுப் பயனில்லை. மீட்டரில் எரியாத பல்புகளையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மாட்டுவது

புதுப் பேட் பெட்டியில் மடங்கி வந்திருக்கும். அரை மணி நேரம் இளவெயிலில் சமமாகக் கிடத்தி வைத்தால் தானாக நிமிரும். பழைய பேடையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு ஓட்டையையும் முளையையும் ஒப்பிடுங்கள். பழையதில் மாட்டியிருக்கும், திருகு ஏறுகிற யு கிளிப்களையும் வென்ட் சட்டங்களையும் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். துருப்பிடித்த கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள், சில்லறை விலைதான்.

பேட் உலோகத்தில் உரசுகிற இடங்களில் ஃபெல்ட் துணிப் பட்டை ஒட்டுங்கள். தொங்குகிற வயர்களைத் துணி டேப் சுற்றிக் கட்டுங்கள். கடகடவென்று வருகிற சத்தத்தில் பாதி இங்கிருந்துதான் வரும். கண்ணாடிக்குக் காற்று போகிற குழாயும் பேடின் துளையும் சேருகிற இடத்தில் பழைய ஸ்பாஞ்ச் மக்கியிருக்கும், புதிது வையுங்கள். மதுரை வெயிலில் அந்தக் காற்று எதற்கு என்று தோன்றும். ஐப்பசி மழையில் கொடைக்கானல் மலை ஏறினால் கண்ணாடி உள்பக்கம் பனி பிடித்து வழியே தெரியாது, அப்போது அது இல்லாமல் ஒரு வளைவு கூடத் திரும்ப முடியாது.

முதலில் ஒரு திருகு கூடப் போடாமல் பேடை உட்கார வையுங்கள். கண்ணாடி ஓரத்தை முதலில் நுழைத்து, பிறகு முன் விளிம்பை இறக்க வேண்டும். மீட்டர் சட்டம், கிளவ் பாக்ஸ் மூடி, இரண்டு கதவு ஓரம் எல்லாவற்றோடும் கோடு சேர்கிறதா பாருங்கள். வென்ட்டை வைத்துப் பாருங்கள். சேரவில்லை என்றால் எடுத்துவிட்டு ஏன் என்று தேடுங்கள். பெரும்பாலும் அடியில் ஒரு வயர் மாட்டியிருக்கும், அல்லது ஒரு முளை ஓட்டைக்குள் இறங்காமல் நிற்கும். நான் மூன்று தடவை வைத்து எடுத்தேன். மச்சான் வண்டிக்கு ஐந்து தடவை.

சேர்ந்தது என்றதும் எல்லாத் திருகையும் நட்டையும் கையால் நாலைந்து சுற்று மட்டும் ஏற்றுங்கள். ஒன்றையும் இறுக்க வேண்டாம். எல்லாம் பிடித்துக்கொண்ட பிறகு நடுவில் தொடங்கி, இடமும் வலமுமாக மாறி மாறி ஓரத்துக்குப் போய் இறுக்குங்கள். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசி ஓட்டை ஒரு நூல் தள்ளி நிற்கும். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகை முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். பழைய புரியில் விழும்போது கைக்கு மெல்லிய 'டக்' தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் முடுக்குங்கள். அப்படிச் செய்தால் பழைய புரியிலேயே ஏறும். இல்லையென்றால் புதிதாக ஒரு புரி வெட்டிக்கொண்டு ஏறி, இரண்டு தடவையில் ஓட்டையே வழவழவென்று ஆகிவிடும். இறுக்கமும் இதமாக இருக்க வேண்டும். திருகுத் தலை பேடில் படிந்த பிறகு கால் சுற்று போதும். வெயிலில் பேட் விரியும், இரவில் சுருங்கும். அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். மூச்சு முட்ட இறுக்கிய பேட் அடுத்த கோடையில் திருகு ஓரத்திலிருந்தே வெடிக்கும்.

துளைகளில் திணித்த துணியை எடுத்தீர்களா? எடுத்த பிறகு கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். கப்ளர் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். ஸ்பீடோ கேபிளை நேராக விட்டு மாட்டுங்கள். பேட்டரி மைனஸ் வயர் கடைசி.

சாவி போட்டு ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், புளோயர், மீட்டர் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருக்கிறது. எஃப்சி தேதிக்கு முந்தின நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், பத்து நாளாவது இடைவெளி விடுங்கள். பிறகு வேகத்தடை உள்ள தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து, சத்தம் எங்கிருந்தாவது வருகிறதா என்று கூட வந்தவரைக் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தினால் சத்தம் நிற்கிற இடத்தில் இன்னொரு துண்டு ஃபெல்ட்.

முதல் கோடை

புதுப் பேடும் புழுக்கத்தில் வாடை விடும், கண்ணாடியில் படலம் படியும். முதல் சில வாரம் நிறுத்தும்போது கண்ணாடிகளை விரல் அளவு இறக்கி வையுங்கள். துடைக்க ஈரத் துணி போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் கூடவே கூடாது, அவை வினைலின் எண்ணெயை இழுத்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குகிற பழக்கமும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு உள்ளே ஒரு மறைப்பு வையுங்கள், அட்டையே போதும். ஓட்டும்போது டேஷ்போர்டின் மேல் வெள்ளைத் துண்டு வேண்டாம், அதுவும் கண்ணாடியில் நிழலாடும்.

பத்து நாள் ஓட்டிய பிறகு ஒரு காலையில் எல்லாத் திருகையும் டிரைவரால் தொட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும், அவற்றை மட்டும் கால் சுற்று முடுக்குங்கள். அதுவரை பிள்ளையாரை வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்திருந்து, அன்றைக்குக் கொண்டுவந்து வையுங்கள். பார்வையை மறைக்காத இடமாக, இடது ஓரமாக. இரட்டைப் பக்க டேப்பைப் பேடின் தோலில் நேரடியாக ஒட்டாமல், சிலைக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து அதன் மேல் நிறுத்தினால் தோல் உரியாது.